செய்து பார்ப்பதும் ஆய்வுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் பிறந்தால் உங்கள் சேலம் பதிப்பில் கல்லூரிப் புராஜெக்ட் கண்காட்சிச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். மாணவர்கள் லேப்டாப்புடன் நிற்க, தாளாளர் குனிந்து பார்க்கும் படம். கீழே, விவசாயிகளுக்கு உதவும் செயலி, நெசவாளர்களுக்கு உதவும் செயலி என்று இரண்டு வரி. நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் ஆசிரியை. எம்.சி.ஏ. புராஜெக்டுகளுக்கும் பி.எச்டி. ஆய்வுகளுக்கும் நெறியாளர். அதனால் இந்தச் செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பேன். ஒரு விவரம் மட்டும் எதிலும் இருப்பதில்லை. அந்தச் செயலியை எந்த விவசாயியாவது, எந்த நெசவாளராவது கையில் வாங்கி ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தாரா? உங்கள் நிருபர்களைக் குறை சொல்ல வரவில்லை. வைவாவிலேயே, அதாவது புராஜெக்டை மதிப்பிடும் வாய்மொழித் தேர்விலேயே, அந்தக் கேள்வி எழுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எம்.சி.ஏ. நிலையில் நடப்பது ஊருக்கே தெரியும். புராஜெக்ட் சென்டருக்குப் போனால் ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் கட்டுரைத் தலைப்புகள் அச்சிட்ட பட்டியல் கொடுப்பார்கள். தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் நிரல், அறிக்கை, பவர்பாயிண்ட் எல்லாம் ஒரே பென் டிரைவில் வந்துவிடும். வைவா முடிந்த மறுநாள் அந்த நிரல் யாருடைய கணினியிலும் இருக்காது. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸில் ஒரு பருவம் முழுவதும் இதற்குப் போகிறது.

பி.எச்டி. நிலையில் கதை வேறு. அங்கே எதையும் உருவாக்கவே வேண்டியதில்லை. 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்பவர் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி ஒன்றை வெளியிட்டார். ஒரு தொழில்நுட்பம் தனக்குப் பயன்படும் என்று மனிதருக்குத் தோன்ற வேண்டும், கையாள எளிது என்றும் தோன்ற வேண்டும், அப்போதுதான் அதை ஏற்பார் என்பது அதன் சாரம். அருமையான வேலை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு, சேலம் மாவட்டத்தில் இணைய வங்கிச் சேவை ஏற்பு, சேலம் மாவட்டத்தில் யு.பி.ஐ. ஏற்பு என்று பொருளை மட்டும் மாற்றி மாற்றி ஆய்வேடுகள் குவிகின்றன. வினாத்தாள் அடித்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போட்டு, பழைய பேருந்து நிலையத்தில் அவசரமாகப் போகிறவர்களிடம் நீட்டி, வந்ததை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால் அத்தியாயம் நான்கு தயார். ஐந்தாவது அத்தியாயத்தில், அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று பரிந்துரை. இதுவே தகவல் முறைமை (இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) ஆய்வு என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருப்பதை அளப்பது மட்டும்தான் ஆய்வு, இல்லாததை உருவாக்கிப் பார்ப்பது வெறும் வேலை என்ற எண்ணம் எங்கள் குழுக்களில் ஊறிப்போய்விட்டது.

அப்படி இல்லை என்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான சிந்தனை மரபு இருக்கிறது. டிசைன் சயின்ஸ், அதாவது வடிவமைப்பு அறிவியல் ஆய்வு என்று பெயர். 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1969-லேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். இயற்கை அறிவியல், பொருள்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறது, வடிவமைப்பு அவை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறது என்றார். இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி தேடுகிற எவரும் வடிவமைப்பாளர்தான், நோயாளிக்கு மருந்து எழுதும் டாக்டர் உட்பட. பல்கலைக்கழக மரியாதைக்கு ஆசைப்பட்டுப் பொறியியல் பள்ளிகள் இயற்பியல், கணிதப் பள்ளிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன, வடிவமைப்பு வெளியே தள்ளப்படுகிறது என்று அவர் அன்றே வருத்தப்பட்டார். அமெரிக்காவைப் பற்றி எழுதியது. நம் ஊர் கல்லூரி நடைகளில் இன்று நடந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்.

தகவல் முறைமைத் துறைக்குள் இது ஒழுங்குபட்டது 1995-ல், சால்வடோர் மார்ச், ஜெரால்ட் ஸ்மித் இருவரும் எழுதிய கட்டுரையில். ஆய்வாளர் உருவாக்கும் படைப்பு நான்கு வகை என்றார்கள்: கருத்துருக்கள், மாதிரிகள், வழிமுறைகள், இயங்கும் அமைப்புகள். செயலி என்பது இவற்றில் கடைசி வகை மட்டுமே. 2004-ல் ஆலன் ஹெவ்னர், மார்ச், ஜின்சூ பார்க், சுதா ராம் நால்வரும் ‘எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி’ இதழில் ஏழு நெறிகள் வகுத்தார்கள். ஏழையும் இங்கே அடுக்கப்போவதில்லை. எனக்கு முக்கியமானவை இரண்டு. எடுத்துக்கொண்ட பிரச்சினை உண்மையாகவே யாருக்கோ பிரச்சினையாக இருக்க வேண்டும். செய்த படைப்பு வேலை செய்கிறதா என்பதைக் கறாராக மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். 2007-ல் கென் பெஃபர்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை ஆறு படிகளாக நடைமுறைப்படுத்தினார்கள். பிரச்சினையைக் கண்டறிவது, தீர்வு எதைச் சாதிக்க வேண்டும் என்று வரையறுப்பது, வடிவமைத்து உருவாக்குவது, ஓரிடத்தில் இயக்கிக் காட்டுவது, மதிப்பிடுவது, எல்லோருக்கும் எடுத்துச் சொல்வது. ஐந்தாம் படியில் சறுக்கினால் இரண்டாம் படிக்கோ மூன்றாம் படிக்கோ திரும்பிப் போகலாம். அந்தத் திரும்பிப் போவதில்தான் ஆய்வே இருக்கிறது என்பேன்.

இது எப்படி நடக்கிறது என்று என் ஆய்வு மாணவி ஒருத்தியின் வேலையைக் கொண்டே சொல்கிறேன். அவள் தலைவாசல் பக்கத்துப் பெண். வீட்டில் மரவள்ளி விவசாயம், எங்கள் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. மெஷின் லேர்னிங், அதாவது பழைய தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை, அதை வைத்துக் கிழங்கு விலையைக் கணிக்கும் செயலி செய்கிறேன் என்றுதான் வந்தாள். தலைப்பில் மெஷின் லேர்னிங் இருந்தால் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) சுலபமாகத் தேறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வா அம்மா என்று அனுப்பினேன். ஆத்தூர், கெங்கவல்லி, வாழப்பாடி என்று சுற்றிவிட்டு வந்தவள், “மேடம், யாரும் விலையைப் பத்திப் பேசவே இல்ல, எல்லாரும் பாயிண்ட்டைப் பத்தித்தான் பேசுறாங்க” என்றாள்.

பாயிண்ட் என்றால் கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்குக்கு எடைக்கு மட்டும் பணமில்லை, பாயிண்ட்டுக்குத்தான் பணம். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து எடை போடுவார்கள். பிறகு அதையே கம்பிக்கூடையில் வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முழுக்கி மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியாக இருக்கும், தண்ணீருக்குள்ளும் எடை நிற்கும். அந்த எடையிலிருந்து பாயிண்ட் வரும். அறிவியல் சரியானதுதான். ஆனால் முள் எங்கே நின்றது என்பதைப் பார்ப்பது ஆலைக்காரர். லாரி ராத்திரியில் போய் நிற்கும், விவசாயி வீட்டில் இருப்பார், மறுநாள் தரகர் போன் போட்டு எண்ணைச் சொல்வார். 28 வரும் என்று நம்பியிருந்தவருக்கு 25 என்றால் பத்து மாதப் பாடு எங்கே போனது என்றே தெரியாது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. அந்த ஜவ்வரிசிக்குக் கிழங்கு போடுகிறவருக்குத் தன் கிழங்கின் அளவைத் தானே பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

என் மாணவி மெஷின் லேர்னிங்கைத் தூக்கி வைத்துவிட்டு அளவைக் கையில் எடுத்தாள். ஒரு கொக்கித் தராசு, நைலான் வலைப்பை, தண்ணீர் டிரம். மண்ணைக் கழுவிய கிழங்கை வலையில் போட்டு வெளியே ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை. இரண்டையும் செயலியில் போட்டால் பாயிண்ட் வந்துவிடும். துறை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. வேறு இடமாக இருந்தால் அங்கேயே ஆய்வேடு எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

அவள் அதை வயலுக்குக் கொண்டுபோனாள். பயன்படுத்திப் பார்த்த வயதான அம்மா ஒருவர் எல்லாம் முடிந்த பிறகு கேட்டாராம்: “ஏங் கண்ணு, இதைக் காட்டுனா மில்லுல ஒத்துக்குவாங்களா?”

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ள வேண்டிய நியாயமும் இல்லை. கிழங்கு பிடுங்கிய பிறகு நாளாக நாளாகக் கெடும், லாரி ஆலை வாசலில் வரிசையில் நின்றால் இன்னும் மோசம். மண் ஒட்டியிருந்தால் கணக்கு மாறும், லோடின் மேலிருந்து எடுத்த கிழங்கும் அடியிலிருந்து எடுத்த கிழங்கும் ஒன்றாக இருக்காது. வயலில் ஒரு எண், ஆலையில் ஒரு எண் என்று இரண்டு இருந்தால் சண்டைதான் வளரும். அந்த அம்மாவின் கேள்வி ஆய்வை மறுபடி இரண்டாம் படிக்கு இழுத்துக்கொண்டு போனது. விவசாயிக்குத் தனியாக ஒரு அளவு தருவது நோக்கமல்ல, இரண்டு தரப்பின் கையிலும் ஒரே அளவு இருக்கச் செய்வதே நோக்கம் என்று தெளிந்தது. புதிதாகச் செய்தது மிகச் சின்னதுதான். ஆலையில் லோடின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கிழங்கு எடுக்க வேண்டும், தராசு முள் நிற்கும்போதே போட்டோ எடுக்க வேண்டும், எண்ணும் படமும் அடுத்த நிமிடம் விவசாயியின் போனுக்குப் போக வேண்டும், கையில் ஒரு சீட்டும் வர வேண்டும். இதை முதலில் ஏற்றுக்கொண்டவர் ஒரு ஆலை முதலாளி என்பதைச் சொல்லியாக வேண்டும். தரகர் நடுவில் எண்ணை மாற்றிச் சொல்லி, பழி தன் தலையில் விழுகிறது என்பது அவருடைய வேதனை. விவசாயிகளிடம் மட்டும் பேசியிருந்தால் இந்தப் பக்கம் தெரிந்தே இருக்காது.

இது புதுமையா என்று கேட்கலாம். பால் சொசைட்டியில் பாலை ஊற்றியவுடன் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவு அச்சிட்ட சீட்டு கையில் வருகிறதே, அதே எண்ணம்தான். 2013-ல் ஷெர்லி கிரெகரும் ஹெவ்னரும் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. பிரச்சினை பழையதா புதியதா, தீர்வு பழையதா புதியதா என்று வைத்து நான்கு கட்டம் போடுகிறார்கள். பழைய பிரச்சினைக்குப் புதிய தீர்வு மேம்பாடு. இரண்டுமே புதிது என்றால் கண்டுபிடிப்பு. ஓரிடத்தில் தெரிந்த தீர்வை அது இல்லாத இன்னொரு இடத்துக்கு ஏற்றபடி கொண்டுவருவதும் ஆய்வுப் பங்களிப்புதான். தெரிந்த பிரச்சினைக்குத் தெரிந்த தீர்வையே பொருத்தினால் அது வழக்கமான வேலை, அதைப் பொதுவாக ஆய்வு என்று சொல்ல முடியாது. கல்லூரிக்குக் கல்லூரி ஆண்டுதோறும் வரும் நூலக மேலாண்மை மென்பொருள் எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான் விழும். ஆக, எதைச் செய்தாலும் பட்டம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தச் சல்லடை வினாத்தாளைவிடக் கடுமையானது.

அவள் கற்றதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்படி பொதுவாக எழுதவும் முடிகிறது. அளவுக்கருவி ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும் வியாபாரத்தில், மறு தரப்புக்கு இன்னொரு கருவி கொடுக்காதே, முதல் அளவையே இருவருக்கும் எதிரில் பதிவு செய். செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் வெள்ளியின் டச் (தூய்மை அளவு), சேதாரம் என்று தினமும் படும் பாட்டுக்கு இதே விதி பொருந்துமா என்று அடுத்து வருகிறவர் சோதிக்கலாம். பொருந்தாமலும் போகலாம். அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தானே.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனவளிடம் ஆய்வுக் குழுவில் கேட்டது: கருதுகோள் (சோதித்துப் பார்க்கும் ஊகம்) எங்கே, மாதிரி அளவு (எத்தனை பேரிடம் கேட்டாய்) எவ்வளவு, இது சாஃப்ட்வேர் கம்பெனி செய்யும் வேலையாயிற்றே? மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி, மேலே சொன்ன சல்லடைதான் அதற்குப் பதில். முதல் இரண்டும் வேறு வகை ஆய்வுக்கான கேள்விகள். கடைசியில், விவசாயிகளிடம் ஒரு வினாத்தாள் கொடுத்து ஒரு அத்தியாயம் சேர்த்தால் அனுமதி என்றார்கள். சேர்த்தாள். ஆய்வேட்டிலேயே பலவீனமான அத்தியாயம் அதுதான். அந்த மாதங்களை இன்னொரு ஆலையில் செலவிட்டிருக்கலாம்.

மதிப்பீடு என்றால் எங்கே வைத்து என்பது மிக முக்கியம். ஜான் வெனபிளும் அவருடைய சகாக்களும் ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பதையும் உண்மையான மனிதர், உண்மையான வேலை, உண்மையான இடம் என்று வைத்துப் பார்ப்பதையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஏற்காடு. எம்.சி.ஏ. மாணவன் ஒருவன், காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்களின் எடைக் கணக்கைப் போனில் பதிய ஒரு செயலி செய்தான். சாயங்காலம் மேஸ்திரி மூட்டையை நிறுத்து நோட்டில் எழுதி, பிறகு செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏற்றும் கணக்கு அது. கல்லூரியில் எல்லாம் ஓடியது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால் எடை போடும் இடத்தில் சிக்னல் இல்லை. பழச்சாறு பிசுபிசுக்கும் ஈர விரலுக்குத் தொடுதிரை அசையவே இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. மேஸ்திரி எடையைச் சத்தமாகச் சொல்வார், பின்னால் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும், தப்பாக எழுதினால் அவர்களே திருத்துவார்கள். போனில் அமைதியாகப் பதிந்தபோது அந்தக் காவல் போய்விட்டது. அடுத்த முறை அவன் எண்ணைக் குரலில் சொல்லும்படி மாற்றினான், சிக்னல் இல்லாமலே இயங்கவும் வைத்தான். எத்தனை வினாத்தாள் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்காது. ஏனென்றால் சத்தமாகச் சொல்வது ஒரு பாதுகாப்பு என்று அந்தப் பெண்களே தனியாக நினைத்துப் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் இதற்கு எதிர்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் உருவாக்கும் ஆய்வுக்குப் பழைய மரபு உண்டு. கருத்துக்கணிப்பு வகை ஆய்வுக்கே சர்வதேச இதழ்களில் இடம் என்ற நிலை வந்தபோது, 2010-ல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் ஆதரவோடு, உருவாக்கும் ஆய்வுக்காக ஒரு அறிக்கையே வெளியிட்டார்கள். பேராசிரியர்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பி.எச்டி. பாடத்திட்டத்தில் ஆய்வு நெறிமுறை கட்டாயத் தாள். கணினித் துறைகளுக்கான அந்தத் தாளில் வடிவமைப்பு அறிவியலுக்கு ஒரு முழு அலகு ஒதுக்கப் பாடத்திட்டக் குழுக்கள் மனது வைத்தால் போதும். கருதுகோள் கேட்கும் இடத்தில், இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பிரச்சினைச் சான்றும் மதிப்பீட்டுத் திட்டமும் கேட்கட்டும். எம்.சி.ஏ. வைவாவில், அந்த மென்பொருளைப் பயன்படுத்திய ஒருவரைக் கூட்டிவந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கட்டும். புராஜெக்ட் சென்டரில் வாங்கிய நிரலுக்கு அப்படி ஒரு ஆளைக் கூட்டி வருவது கடினம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், ஆய்வேடு கொடுப்பதற்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்களுக்குப் பின்னால் ஓடிய நேரத்தைப் பிள்ளைகள் வயலுக்கும் பட்டறைக்கும் தறிக்கும் கொடுக்கலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு வரும் நிருபர், மாணவரிடம் இதை யாருக்காகச் செய்தாய், அவர் இதைப் பார்த்து என்ன சொன்னார் என்று கேட்டு, அந்தப் பதிலைச் செய்தியில் சேர்க்கட்டும். பத்திரிகையில் வரும் என்று தெரிந்தால் கல்லூரிகள் அந்த ஆளைத் தேடிப் போவார்கள்.

பாயிண்ட் சீட்டின் படிவத்தையும் அதற்கான மென்பொருளையும் யார் கேட்டாலும் கட்டணமில்லாமல் தர என் மாணவி தயாராக இருக்கிறாள். கிழங்கு விவசாயிகளோ ஆலை உரிமையாளர்களோ விரும்பினால் உங்கள் சேலம் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கட்டும். வந்து சேரும் பெயர்களை எனக்கு அனுப்பிவைத்தால், இந்தப் பருவத்து அறுவடை முடிவதற்குள் நேரில் போய் அமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயன்பாட்டியல் ஆசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.